ஐந்தரைக் கட்டை சுருதி

இந்த வருடம் ஜனவரி பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு முன்பே எழுந்து, கதவுக்கு வெளியே தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். கல்கத்தாவின் சால்ட் லேக் முழுவதும் பனிமூட்டம். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. காபி கலந்து, குடித்தபடியே முந்தின நாளின் நாட்குறிப்பை எழுதினேன். அன்றன்றைக்கு எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஓர் இரவு ஆறவிட்டு எழுதினால் கையெழுத்தும் நேராக வரும், கருத்தும் நேராக வரும். பிறகு படுக்கை விரிப்புகளைத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மின்விசிறி துடைக்கும் நாள். குளிர்காலத்தில் விசிறி ஓடுவதில்லை என்றாலும் துடைத்தேன். மாலைக்கு வேண்டிய பட்டுப் புடவையை இஸ்திரி போட்டேன்.

இவற்றில் எதுவும் புதிதில்லை. புதிதாகச் செய்தது ஒன்றுதான்: இரவல் வாங்கி வந்திருந்த மின்சாரச் சுருதிப் பெட்டியைத் துடைத்து, பாட்டரி மாற்றி, அதன் குமிழை ஐந்தரைக் கட்டையில் வைத்தேன். அன்று மாலை பாலிகஞ்சில் ஒரு மண்டபத்தில், எங்கள் தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாவில், சிறு வயதில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மாமிக்குப் பாராட்டு. மேடையில் அவருடைய பழைய மாணவிகள் சேர்ந்து பாடுவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவள் நான். அந்த மேடையில் வைத்து மாமியைப் பழிவாங்குவது என்று முடிவு செய்திருந்தேன்.

இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பாட்டுத் தொகுப்பு. அதை எனக்குக் காட்டியவர் தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஒரு வங்காளி.

பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த வாரம். எங்கள் பிரிவில் என்னைவிடப் பல வயது இளையவர் ஒருவர் இருக்கிறார்; ஜாதவ்பூர்க்காரர். டிபன் நேரத்தில் என் மேசைக்கு வந்து, இயர்போனின் ஒரு முனையை நீட்டினார். நாங்கள் வங்க மொழியில்தான் பேசிக்கொள்வோம்; என்னை அவர் அக்கா என்ற பொருளில் ‘தீதி’ என்பார்.

“தீதி, ஒரு உபகாரம். இது உங்க பாஷைதானே? ஒரு வாரமா இதையே கேட்டுட்டிருக்கேன். ஒண்ணும் புரியல. ஆனா ராத்திரி தூக்கம் வரல.”

“புரியாத பாட்டைக் கேட்டுட்டு ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கிறீங்க?”

“அதான் தீதி. அந்தப் பொண்ணு என்னைத்தான் திட்றாளோன்னு இருக்கு. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சுக்கணும்.”

நான் பாட்டுக் கேட்பதில்லை. வீட்டில் வானொலிகூடக் கிடையாது. மரியாதைக்காகக் காதில் வைத்தேன்.

முதலில் பாடுவது ஆண் என்று நினைத்தேன். இரண்டாவது வரியில்தான் பெண் என்று தெரிந்தது. அவ்வளவு கீழே இருந்தது குரல். ட்ராம் வளைவில் திரும்பும்போது தண்டவாளத்திலிருந்து ஒரு கனத்த முனகல் எழுமே, அதைப் பேச்சாக்கியது போலிருந்தது. பின்னால் ஒரு கிதார், அதற்கும் பின்னால் ஹார்மோனியத்தின் ஒரே ஒரு கட்டை அழுத்தியபடி. தமிழ், ஆனால் கல்கத்தாவில் வளர்ந்த தமிழ். இங்குள்ள தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பேசுவது போல உயிரெழுத்துகள் கொஞ்சம் உருண்டு வந்தன.

கதவை நீதான் சாத்தினாய்
தாழ்ப்பாள் ஆனேன் நான்
இனி நீ வெளியே போக
என்னைத்தான் கேட்க வேண்டும்

மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

“உங்க பாஷை இவ்வளவு கோபக்கார பாஷையா தீதி? நான் ஏதோ இட்லி தோசை சாப்பிட்டுட்டு சாந்தமா இருக்கிறவங்க பாஷைன்னு நினைச்சேன்.”

“இட்லிக்கு முன்னாடி அரைக்கணும். அது உங்களுக்குத் தெரியாது.”

தொகுப்பில் எட்டுப் பாட்டுகள். ஒரு டிபன் நேரத்துக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டோம். அட்டைப்படத்தில் பூட்டுப் போட்ட ஹார்மோனியப் பெட்டி, அவ்வளவுதான். பாடியவள் யாரென்று அவருக்கும் அதிகம் தெரியாது. ஜாதவ்பூர் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தானே எழுதி, தானே பாடி, தானே பதிவு செய்தவள் என்றார். அது உண்மைதான் என்று தெரிந்தது. ஒரு பாட்டின் நடுவில் புறநகர் ரயிலின் ஹார்ன் கேட்கிறது, அதை அவள் நீக்கவில்லை. அது முடியும்வரை நிறுத்தி, அடுத்த வரியைத் தொடங்குகிறாள்.

நான்காவது பாட்டு ஒரு தாலாட்டு. குழந்தைக்கு இல்லை, கோபத்துக்கு. ‘கண்ணுறங்காதே என் கோபமே, விடிந்தால் நமக்கு வேலை இருக்கிறது’ என்று தொடங்கும். இதைக் கேட்டு வங்காளி நண்பர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நல்ல தாய்மார்கள் எல்லோரும் தூங்கச் சொல்லித்தான் பாடுவார்கள். தூங்காதே என்று பாட ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. அதை நான் ஏன் அத்தனை நெருக்கமாக உணர்ந்தேன் என்று அப்போது தெரியவில்லை.

ஆறாவது பாட்டு இது.

உதட்டை மட்டும் உனக்குத் தந்தேன்
குரலை வீட்டில் வளர்த்தேன்
பால் வைத்தேன், பல் முளைத்தது
இன்று அவிழ்த்து விடுகிறேன்

அதற்கு அடுத்த அடிகளில் மூன்றாவது வரிசை வருகிறது, முன்னால் நிற்பவளின் பின்னல் வருகிறது, பிளாஸ்டர் ஒட்டிய ஒரு பெட்டி வருகிறது.

“மானே கீ, தீதி?” என்றார் அவர். அர்த்தம் என்ன என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

“சுமாரான பாட்டு. அடுத்ததைப் போடுங்க” என்றேன்.

அன்று மாலை பேருந்தில் என் போனிலேயே அந்தப் பாட்டைத் தேடிப் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டர் ஒட்டிய அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். கல்கத்தாவில் ஒரு தமிழ்ப் பெண் குழந்தை தமிழ்ப் பெண்ணாகவே வளர வேண்டுமானால் பாட்டு வகுப்புக்குப் போக வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, என்னைப் பாலிகஞ்சில் மாமியிடம் சேர்த்தார்கள். இரண்டாம் மாடி. சனிக்கிழமை காலை. துருத்தி வைத்த பழைய சுருதிப் பெட்டி ஒன்று மாமியிடம் இருந்தது. அதில் பல துளைகள் உண்டு. எந்தத் துளையைத் திறக்கிறோமோ அந்தச் சுருதி வரும். மாமி ஐந்தரைக் கட்டைக்கு உரியதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாத் துளைகளிலும் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டியிருந்தார். அது அவருடைய சுருதி. வந்த பெண்கள் எல்லோரும் அதில்தான் பாட வேண்டும்.

என் குரல் அதைவிடக் கீழான மூன்று கட்டைக்குரியது. இது இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தொண்டையில் ஏதோ கிழிகிறது என்பதுதான். முதல் முறை மன்றத்து விழாவுக்குப் பாட்டு ஒத்திகை நடந்தபோது மாமி கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினார். வரிசை வரிசையாகக் காதை வைத்துக்கொண்டு வந்து, என் முன்னால் நின்றார்.

“இந்தக் கரகரப்பு உன்னுதுதானா? நீ மூணாவது வரிசைக்குப் போ. பாடாதே. வாயை மட்டும் அசை, போறும்.”

பள்ளிப் படிப்பு முடியும்வரை வாயை மட்டும் அசைத்தேன். வகுப்பை விட்டு நிற்கவும் முடியவில்லை, ஏனென்றால் விழா முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா சொல்வாள், “அத்தன புள்ளைகள்லயும் ஒன் குரலு மட்டும் தனியா கேட்டுச்சுட்டீ.” ஒவ்வொரு வருடமும் சொல்வாள். ஊருக்குக் கடிதம் எழுதும்போதும் அதை எழுதச் சொல்வாள். மேடையில் வாயைத் திறந்தபடி நான் நிற்கும் புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாள். அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. இல்லாத என் குரலைக் கேட்டபடியே போனாள். மாமியின்மேல் எனக்கு இருந்த கோபம் பாடவிடவில்லை என்பதற்காக மட்டும் இல்லை. என் தாயிடம் என்னை ஒரு பொய்யாக நிற்க வைத்தாரே, அதற்காக.

டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பெண் ஜாதவ்பூரில், ஒரு டீக்கடைக்கு மேலே உள்ள சின்ன அறையில் பாடுகிறாள் என்று நண்பர் சொன்னார். போனோம். எல்லோரும் மாணவர்கள், தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவளுக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். சாம்பல் நிற ஸ்வெட்டர், எண்ணெய் வைக்காத தலை. பாடும்போது கண்ணை மூடவில்லை. எதிரில் இருக்கும் சுவரில் யாரோ ஒருவரைப் பார்த்துக்கொண்டே பாடினாள். முடிந்ததும் மண் குவளையில் டீயோடு என்னிடம் வந்தாள். புடவை கட்டி வந்தவள் நான் ஒருத்திதான்.

“ஆண்ட்டி, தமிழா நீங்க? பிடிச்சுதா? என் தமிழ் ரொம்ப பாஜேவா இருந்துதா?”

“தமிழ் மோசமெல்லாம் இல்லை. ஆறாவது பாட்டு யாரைப் பத்தி?”

“ஒரு டீச்சர்.”

“பாலிகஞ்ச். ரெண்டாம் மாடி. சனிக்கிழமை காலையில.”

குவளையைக் கீழே வைத்தாள். “தாராவ், தாராவ். நில்லுங்க. உங்க டைம்லயே அந்தப் பிளாஸ்டர் இருந்துதா?”

“என் காலத்துல ஒட்டினதுதான் அது. அப்ப வெள்ளையா இருந்தது.”

“எங்க டைம்ல கறுப்பாயிடுச்சு ஆண்ட்டி! நான் அது பெட்டியோட கலர்னே நினைச்சேன்.” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “எத்தனை பேர் ஆண்ட்டி நாம? நான் ஒருத்திதான்னு நினைச்சு எழுதிட்டேன்.”

“நானும் நான் ஒருத்திதான்னு...” என்று தொடங்கியவள் நிறுத்தினேன். அது உண்மையில்லை. மூன்றாவது வரிசையில் நிற்பவளுக்கு ஒரு விஷயம் தெரியும்: பக்கத்தில் நிற்பவள் பாடுகிறாளா, மூச்சு மட்டும் விடுகிறாளா என்று. எனக்கு இரண்டு பக்கமும் மூச்சுதான் வந்தது. அந்த வயதில், அவர்கள் மெதுவாகப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களும் என்னைப் பற்றி அப்படியே நினைத்திருப்பார்கள்.

“மாமிக்குக் கோபம் வரட்டும்னு எழுதினியா?” என்று கேட்டேன்.

“மாமி கேட்கவே மாட்டா ஆண்ட்டி. அதான் கஷ்டம். நான் பாட்டு எழுதிட்டேன், என்னால முடிஞ்சது அவ்வளவுதான். நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறி வீடுவரை வந்தது.

அடுத்த வாரமே மன்றத்தின் செயலாளர் போன் செய்தார். மாமிக்கு எண்பது வயது. பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தப் போகிறோம். பழைய மாணவிகள் கடவுள் வாழ்த்துப் பாடினால் நன்றாக இருக்கும் என்றார்.

“நீங்கதான் மேடம் பொறுப்பெடுத்துக்கணும். உங்களை விட்டா எதையும் ஒழுங்கா செய்யற ஆள் யாரு நம்மகிட்ட?”

“சரி சார். ஒழுங்காச் செய்யறேன்” என்றேன்.

மாமியின் நல்ல குரல்கள் எல்லாம் கல்யாணமாகிப் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டன. ஆனாலும் முதல் வரிசைக்காரிகள் இரண்டு பேர் இன்னும் கல்கத்தாவில் இருக்கிறார்கள். ஒருத்தி தென் கல்கத்தாவில் லேக் பக்கம், ஒருத்தி பாலிகஞ்சிலேயே. அந்த இருவரையும் நான் கூப்பிடவில்லை. என் இடமும் வலமும் நின்றவர்கள், எனக்கு முன்னும் பின்னும் படித்தவர்களில் மூன்றாவது வரிசைக்குப் போனவர்கள் என்று பழைய விழாப் புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மன்றத்து அலமாரியில் எல்லா வருடத்துப் படங்களும் இருந்தன. என்னையும் சேர்த்து எட்டுப் பேர் தேறினோம். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக அழைத்தேன். ஒவ்வொருத்தியும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

“ஐயோ, எனக்கு இப்ப குரலே இல்லையேடி. பாட்டை விட்டு எத்தனையோ வருஷமாச்சு.”

“கூட்டத்தோட கூட்டமா நின்னாப் போதும். மத்தவங்க இருக்காங்கல்ல?”

“அப்ப சரி. ஒத்திகை உண்டா?”

“எதுக்கு? அந்தப் பிள்ளையார் பாட்டு நமக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியுமே.”

ஒத்திகை இல்லை என்றதும் ஒவ்வொருத்தியின் குரலிலும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியிலிருந்தே நான் சரியான ஆளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். எட்டுப் பேரும் மற்ற ஏழு பேர் பாடுவார்கள் என்று நம்பி மேடை ஏறப் போகிறார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், யாரும் பாட மாட்டார்கள் என்று. பாராட்டு விழா அன்று, ஊர் முன்னால், தன் மாணவிகளிடமிருந்து மாமி என்ன வாங்கினாரோ அதையே அவருக்குக் கொடுப்பது என் திட்டம். அதைக் கேட்டதும் மாமிக்குப் புரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை மண்டபத்துக்குப் போனபோது வாசலில் சர்க்கரைப் பொங்கல் மணமும், வங்காளிச் சமையல்காரர் பொரித்துக்கொண்டிருந்த வடையின் மணமும். மாமி வந்துவிட்டிருந்தார். மெலிந்துபோயிருந்தாலும் முதுகு நேராகத்தான் இருந்தது. காஷ்மீர் சால்வை, வைர மூக்குத்தி. நமஸ்காரம் செய்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“நீ அந்தத் துறைமுகத்துக்காரர் பொண்ணுதானே? நன்னா ஞாபகம் இருக்கு. நன்னாப் பாடுவியே நீ!”

அதுவரை என் திட்டத்தில் எங்கோ ஒரு சின்ன இடம் விட்டிருந்தேன். மாமி என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினால், பார்வையைத் திருப்பிக்கொண்டால், மன்னிப்பாக ஒரு சொல் வேண்டாம், ஒரு சங்கடம் தெரிந்தால்கூட, அந்த முதல் வரிசைப் பாலிகஞ்சுக்காரிக்குப் போன் செய்து வரச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். மண்டபத்திலிருந்து அவள் வீடு நடக்கிற தூரம். “நன்னாப் பாடுவியே” என்றதும் அந்த இடமும் மூடிவிட்டது. எத்தனை பேரை ஊமையாக்கினார் என்பதுகூட அவர் நினைவில் இல்லை.

“நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் மாமி” என்றேன்.

மேடை நடுவில் மாமிக்கு நாற்காலி. மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, செயலாளர் பேசி முடித்தார். எங்கள் எட்டுப் பேரையும் மாமிக்குப் பின்னால் அரைவட்டமாக நிற்க வைத்தார்கள். நான் மாமியின் நாற்காலிக்கு நேர் பின்னால், சுருதிப் பெட்டியை ஒரு ஸ்டூலில் வைத்து நின்றேன். பெட்டியைப் போட்டேன். ஐந்தரைக் கட்டை மண்டபம் முழுவதும் நிரம்பியது.

எல்லோரும் ஒன்றாக மூச்சை இழுத்தோம். எட்டு வாய்களும் ஒரே சமயத்தில் அழகாகத் திறந்தன. ஒன்றும் வரவில்லை.

முதல் அடி முழுவதும் சுருதி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. கடைசியில் நின்றவள் இந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கத்தவள் அந்தப் பக்கம் பார்த்தாள். ஆனால் யாரும் வாய் அசைப்பதை நிறுத்தவில்லை. அத்தனை நல்ல பயிற்சி. கீழே யாரோ, “மைக்! மைக்கைப் பாருங்கப்பா!” என்று கத்தினார்கள். மைக்செட்காரர் ஓடிவந்து தட்டினார். டொக் டொக் என்று மண்டபம் அதிர்ந்தது. “மைக் டீக் ஆச்சே!” என்று அவர் கை விரித்தார். மைக் சரியாகத்தான் இருந்தது.

மாமியின் காது இன்னும் கூர்மை. பெட்டியின் சத்தம் கேட்கிறது, பெண்கள் கேட்கவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். எட்டு வாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வகுப்பில் செய்வது போல, பாட்டை நிற்கவிடாமல் தானே எடுத்தார்.

எண்பது வயதுக் குரல். கீழே கொஞ்ச தூரம் வந்தது. மேல் ஷட்ஜமத்துக்கு ஏறும்போது இரண்டாகப் பிளந்தது. இருமி, மறுபடி எடுத்தார். மறுபடி பிளந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமி பின்னால் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். சுருதியை இறக்கு என்று அர்த்தம். என் விரல் குமிழின் மேல்தான் இருந்தது. ஒரு சின்னத் திருப்பு. அவருக்கு வசதியாக வந்துவிடும், எனக்கும் வந்துவிடும், எங்கள் எட்டுப் பேருக்குமேகூட வந்துவிடலாம்.

நான் விரலை அசைக்கவில்லை.

“இறக்குடீ” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

குனிந்து அவர் காதருகே சொன்னேன். “இங்க ஒரே சுருதிதான் மாமி. முடியலைன்னா பாடாதீங்க. வாயை மட்டும் அசைங்க, போதும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அன்று சொன்னது நினைவு வந்ததா என்றும் தெரியாது. ஆனால் புரிந்தது. கண்ணில் தெரிந்தது. மண்டபம் காத்திருந்தது. எழுந்து போக மாலையும் பொன்னாடையும் விடவில்லை. கடவுள் வாழ்த்தை நடுவில் விட்டுவிட்டு எழ அவருடைய பழக்கமும் விடவில்லை. மாமி முன்னால் திரும்பி உட்கார்ந்தார். அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. ஒன்பது பேரும் கடைசி அடிவரை அசைத்து முடித்தோம். மங்களமாகக் கை கூப்பினோம். எல்லோரும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். செயலாளர் மைக்செட்காரரைத் திட்டப் போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் பேச்சு வெடித்தது.

“ஏண்டி, நீ பாடுவேன்னு நம்பித்தானே நான் வந்தேன்!”

“நானா? என்னை மாமி பத்து வயசுலயே வாயை மூடச் சொல்லிட்டாளே!”

“நீயுமா?”

“ஐயையோ, நானும்தான்! எங்காத்துக்காரர்கிட்ட கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிண்டிருக்கேன், மேடையில பாடினவளாக்கும் நான்னு. கீழ உக்காந்து வீடியோ எடுத்துண்டிருக்கார்டீ!”

“நல்லதாப் போச்சு. வீட்டுக்குப் போய் மைக் மேல பழியைப் போடு.”

சிரித்துச் சிரித்து ஒருத்திக்குக் கண்மை கரைந்தது. சிரிப்பு அடங்கும்போது, வகுப்பில் எனக்கு வலது பக்கம் நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ தெரிஞ்சேதானே எங்களைக் கூப்பிட்டே?”

“ஆமா.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா பாவம் பார்த்து யாராவது பாடியிருப்பீங்க.”

“அடிப்பாவி” என்றாள் அவள். தன் தொன்னையிலிருந்த முந்திரியை எடுத்து என் பொங்கலில் போட்டாள்.

அவர்களுக்கு அந்த ஆறாவது பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். போனை நடுவில் வைத்துக்கொண்டு, அலங்கார விளக்குகள் அணைந்த மேடைக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்கள். ‘பால் வைத்தேன், பல் முளைத்தது’ என்ற இடத்தில் ஒருத்தி, “யாருடி இவ?” என்றாள். “மூணாவது வரிசை” என்றேன். இன்னொரு முறை போடச் சொன்னார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மாமியை யாரோ கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போகும் சத்தம் கேட்டது. சத்தத்தைக் குறைக்க ஒருத்தி கை நீட்டினாள். நான் போனை எடுத்துக் கூட்டி வைத்தேன். அந்தக் கீழ்ச்சுருதிக் குரல் திரையைத் தாண்டிப் போயிருக்கும். மாமியின் காது இன்னும் கூர்மை.

பழி தீர்த்தபின் மனம் வெறுமையாகிவிடும் என்று பலர் எழுதிப் படித்திருக்கிறேன். எனக்கு நன்றாகப் பசித்தது. வடை இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா மாட்டிய புகைப்படத்தின் கண்ணாடியைத் துடைத்தேன். அதைக் கழற்றுவதாக எனக்கு எண்ணமில்லை. பிறகு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் பால் பாக்கெட்டை எடுக்கவில்லை, அடுப்பைப் பற்ற வைக்கவில்லை, நாட்குறிப்பைத் திறக்கவில்லை. பையிலிருந்த சுருதிப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, குமிழை மூன்று கட்டைக்கு இறக்கிப் பாடினேன். ‘உதட்டை மட்டும் உனக்குத் தந்தேன்’ என்ற வரி துருப்பிடித்த கேட் போல வந்தது. மறுபடி பாடினேன். கொஞ்சம் திறந்தது. மூன்றாவது முறை பாடும்போது மேல் மாடி வங்காளி அண்ணி, நான் ‘பௌதி’ என்று கூப்பிடுபவர், ஜன்னல் வழியாக, “தீதி, கீ ஹோலோ? உடம்பு சரியில்லையா?” என்று கத்தினார்.

“ஒண்ணுமில்லை பௌதி, பாடறேன்” என்று பதில் கத்திவிட்டு, நான்காவது முறை தொடங்கினேன்.